இருபதுக்கு இருபது

ரீனோ,
பிப்ரவரி 8, 1981

அன்புள்ள அக்கா ஸோர்காவுக்கு,

சௌக்கியம்தானே? ஓமாஹாவில் பனி ஜன்னல் வரை ஏறிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் குளிருக்கு மக்கர் பண்ணுகிறது. செம்புச் சுரங்கத்தை மூடிய பிறகும் மனிதர் விடிவதற்கு முன்பே எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எங்கே போவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஒரு உதவி வேண்டும். எங்கள் ‘காப்பர் லாந்தர்’ சூதாட்ட விடுதியில் பிளாக்ஜாக் மேசைகள் எல்லாவற்றுக்கும் என்னை மேற்பார்வையாளனாக்கிவிட்டார்கள். முதலாளி பர்டெட் ஒரு புது ஆட்டம் கொண்டுவரத் துடிக்கிறார். லாஸ் வேகஸ் பக்கம் யாரோ இப்படி ஆடுவதாகக் கேள்விப்பட்டாராம். வழக்கமான ஆட்டத்தில் இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்குகிறவனுக்கு வெற்றி, விடுதிக்காக ஆடும் டீலரின் இரண்டு சீட்டில் ஒன்று கவிழ்ந்திருக்கும், அல்லவா? இதில் இரண்டும் திறந்தே கிடக்கும். எதிராளியின் கையை முழுசாகப் பார்த்துக்கொண்டே ஆடலாம். அதற்குப் பதிலாக, இரண்டு கையும் சமமாக வந்தால் பணம் விடுதிக்கு. முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் கிடைக்கும் ஒன்றரைப் பங்கும் இனி ஒரு பங்குதான்.

பர்டெட் என்ன சொல்கிறார் தெரியுமா? “துணிய அவுத்துக் காட்டினா எவன்டா தன் சட்டைப்பையப் பாப்பான்?” ஆனால் உள்ளுக்குள் பயம். கெட்டிக்காரன் எவனாவது வந்து விடுதியையே வழித்துக்கொண்டு போய்விட்டால்?

மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் போடுகிறவள் நீ. இதையும் போட்டுப் பார். சரியாக ஆடினால் என்ன ஆகும்? பழைய பழக்கத்திலேயே ஆடினால் என்ன ஆகும்? இரண்டும் வேண்டும்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே.

உன் தம்பி,
ராடே


ஓமாஹா,
பிப்ரவரி 27

தம்பி ராடேவுக்கு,

நலம். சளி மட்டும் விடவில்லை. உன் கடிதத்தைப் பிரித்ததும் சிகரெட் நாற்றம் குப்பென்று அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். அந்த இடத்தில் எப்படி மூச்சுவிடுகிறாய்?

உன் தொழில் எனக்குக் குமட்டுகிறது, கணக்கு பிடித்திருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன்.

சரியாக ஆடுகிறவனிடம் விடுதிக்கு நூறு டாலர் பந்தயத்தில் ஒரு டாலர்கூடத் தேறாது. ஆனால் சரியான ஆட்டம் விசித்திரமாக இருக்கிறது. உதாரணத்துக்கு, உன்னிடம் இரண்டு ராஜா, இருபது. டீலரிடமும் இருபது, கண்ணெதிரே. ‘போதும்’ என்று நின்றால் சமம். சமம் என்றால் தோல்வி. ஆகவே இருபதை வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டுக் கேட்க வேண்டும். ஒன்று என்று எண்ணப்படும் ஏஸ் வந்தால் பிழைத்தாய். பதிமூன்றில் ஒரு வாய்ப்பு. சூன்யத்தைவிட அது மேல் அல்லவா?

இன்னொன்று. டீலரிடம் பத்தும் ஆறும் திறந்து கிடக்கின்றன. பதினாறில் அவர் நிற்கக் கூடாது, எடுத்தே ஆகவேண்டும். பதிமூன்றில் எட்டு முறை இருபத்தொன்றைத் தாண்டிச் செத்துப்போவார். அப்போது உன் கையில் வெறும் ஐந்து இருந்தாலும் பந்தயத்தை இரட்டிக்க வேண்டும். முழு அட்டவணையும் இணைத்திருக்கிறேன்.

பழைய பழக்கத்தில், அதாவது பதினேழு வந்தால் நிற்பது, பத்து பதினொன்றில் மட்டும் இரட்டிப்பது என்று ஆடுகிறவன் நூற்றுக்கு ஐந்து ஆறு டாலரை விட்டுவிட்டுப் போவான். முதலாளிக்கு நஷ்ட பயம் என்றால் முதல் எண்ணே போதுமே. இந்த இரண்டாவது எண்ணை எதற்குக் கேட்டாய்?

அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஸோர்கா


ரீனோ,
மார்ச் 10

அன்பு அக்காவுக்கு,

உன் சளி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

பர்டெட் உன் கடிதத்தை மூன்று தரம் படித்தார். “உங்கக்கா ஆம்பளையா பொறந்திருந்தா இந்த ஊரையே வாங்கியிருப்பாடா” என்றார். இது அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு, கோபித்துக்கொள்ளாதே.

ஆட்டம் புதிது, சனங்கள் தயங்குவார்கள். அதனால் எப்படி ஆடுவது என்று சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன அட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுக்கப் போகிறோம். கீழே உன் பெயரைப் போட்டால் நம்பிக்கை வரும். பெயர் மட்டும்தான், வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! அம்மா போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

உடம்பைக் கவனி.

ராடே


ஓமாஹா,
மார்ச் 20

ராடே,

சளி போய்விட்டது. போட்டுக்கொள். அப்பாவுக்காக. சூதாடப் போகிறவன் எப்படியும் போவான். சரியான வழி தெரிந்தாவது போகட்டும். ஆனால் என் அட்டவணையில் ஒரு எழுத்து மாறக் கூடாது. அச்சானதும் எனக்கு ஒன்று அனுப்பு.

அப்பாவுக்கு என் முத்தம்.

ஸோர்கா


ரீனோ,
ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னித்துவிடு. இரவும் பகலும் வேலை. நாங்கள் நலம், நீயும் நலமாக இருப்பாய்.

‘திறந்த கை’ மேசைகள் ஒன்றில் ஆரம்பித்து ஆறாகிவிட்டன. நாற்காலி கிடைக்காமல் சனங்கள் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். காலையில் ஓய்வூதியக்காரர்களுக்கு இலவச முட்டையும் பன்றி இறைச்சியும் போடுகிறோம், அதுவும் என் யோசனைதான். பர்டெட் எனக்குப் புது கோட்டு தைத்துக் கொடுத்தார். அப்பாவும் காலைச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருகிறார். எனக்கும் ஒரு நிம்மதி, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாமே. உன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். “எம் பொண்ணு போட்ட கணக்கு. நெப்ராஸ்காவுல இருக்கா.”

வேலை கூப்பிடுகிறது. பத்திரமாக இரு.

ராடே


ஓமாஹா,
ஜூன் 11

ராடே,

நலம். அட்டை வரவில்லை. அனுப்பு.

அப்பா சாப்பிட மட்டும்தான் வருகிறாரா, ஆடவும் செய்கிறாரா?

ஸோர்கா


ரீனோ,
ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஓமாஹாவில் மழை நல்லபடியாகப் பெய்கிறதா? உன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாயா?

சொல்லும்படியாக விசேஷம் ஒன்றுமில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. எங்கள் டீலர் லூவானாவுக்கு இரட்டைக் குழந்தை. அப்பா தன் டிரக்கை விற்றுவிட்டார். முழங்காலை வைத்துக்கொண்டு கிளட்ச் மிதிப்பது கஷ்டம்தானே, ஒரு வகையில் நல்லதுதான். இப்போது நடந்தே வருகிறார். டாக்டர்களும் நடக்கத்தான் சொல்கிறார்கள்.

அட்டை தீர்ந்துவிட்டது. மறுபடி அச்சடித்ததும் அனுப்புகிறேன்.

ராடே


ஓமாஹா,
ஆகஸ்ட் 3

ராடே,

என் உடம்பை நீ விசாரிக்க வேண்டாம்.

அட்டை வந்துவிட்டது. அப்பா அனுப்பினார். கூடவே அவருடைய கோணல் எழுத்தில் நாலு வரி: “ஸோரா, உம் பேரு அச்சுல வந்திருக்கு. நீ பாக்கலன்னு நெனைக்கிறேன், அதான் அனுப்பறேன். தெனமும் இதப் பாத்துதான் ஆடறேன். நீ சொன்னதுல ஒரு வரிகூட மீறல. ஆனாலும் கொஞ்ச நாளா நேரம் சரியில்ல. எங்கயாவது நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டனா? சொல்லு.”

அட்டையில் இருப்பதைத் திருப்பி எழுதுகிறேன், நீ மறந்திருந்தால் படித்துக்கொள். ‘பதினேழும் அதற்கு மேலும் வந்தால் எப்போதும் நில்லுங்கள். பத்து, பதினொன்றில் மட்டுமே பந்தயத்தை இரட்டியுங்கள். கணித நிபுணர் ஸோர்கா வுகோவிச் வகுத்த வழி.’

நான் எதைச் செய்யக் கூடாது என்றேனோ அதையே என் பெயரில் அச்சடித்திருக்கிறீர்கள். இரண்டாவது எண்ணை ஏன் கேட்டாய் என்பது இப்போது புரிகிறது. வழி தெரியாமல் தானாகக் குழியில் விழுகிறவனிடம் பிடுங்குவது ஒன்று. வழிகாட்டிப் பலகையையே குழியின் பக்கம் திருப்பி வைத்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த அட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

அதைவிட மோசம், அப்பா அந்த மேசையில் உட்காருவதை நீ தினமும் நின்று பார்த்திருக்கிறாய். டிரக் எங்கே போனது என்று உனக்குத் தெரியும். கிளட்ச் மிதிக்கக் கஷ்டமாம்! அந்த வரியை எழுதும்போது உன் பேனா கூசவில்லையா?

என் பெயரை எடு. அப்பாவை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போ. இந்த இரண்டையும் செய்துவிட்டு எழுது.

ஸோர்கா


ரீனோ,
ஆகஸ்ட் 16

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது.

நீ பெரிய ஆபீசில் உட்கார்ந்து பேசுகிறாய். இங்கே வந்து ஒரு நாள் நின்று பார். இருபதை வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டுக் கேள் என்று அட்டையில் போட்டால் எவன் நம்புவான்? இது என்ன கிறுக்குத்தனம் என்று எழுந்து போய்விடுவான். சனங்களுக்கு வேண்டியது, தாங்கள் ஏற்கெனவே செய்வது சரி என்று யாராவது சொல்வது. அதைத்தான் சொன்னோம். வக்கீல் பார்த்தாகிவிட்டது, இலவச ஆலோசனைதான், கட்டாயம் இல்லை, சட்டப்படி ஒரு குற்றமும் கிடையாது என்றார்.

பர்டெட்டைத் திட்டாதே. அட்டையின் வாசகத்தை எழுதியது நான்.

அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. முதல் நாள் அந்த மேசையில் உட்கார்ந்து, “பாரு, எம் மகன் மேனேஜரு, மக கணக்கு” என்று பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொன்னார். அந்த நேரத்தில் போய், “அப்பா, எந்திரிங்க, இது பித்தலாட்டம்” என்று எப்படிச் சொல்வது? அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவ்வளவுதான்.

அவர் பணம். அவர் ஒன்றும் குழந்தை இல்லை.

ராடே


ரயிலில், வயோமிங் தாண்டி,
செப்டம்பர் 9

ராடே,

நான் வருவதை உனக்குத் தெரிவிக்காமல்தான் வந்தேன். நீ கீழே இறங்கி வந்து என் முழங்கையைப் பிடிப்பதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

காலை வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. முதலில் வந்தது வாசனைதான்: பொரித்த பன்றிக் கொழுப்பு, ஈரக் கம்பளம், சாம்பல். தட்டில் முட்டை பாதி காய்ந்து கிடக்க, கிழவர்களும் கிழவிகளும் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் சீட்டுமாக இருந்தார்கள். அப்பா கடைசி நாற்காலியில். ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டிருந்தார். காலர் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இடம் போய்விடுமாம். பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு இடம் கொடுத்தார்.

அவர் கையில் இருபது. டீலரிடமும் இருபது.

“போதும்” என்று கையை ஆட்டப் போனார். நான் தடுத்தேன்.

“அப்பா, இன்னொரு சீட்டு கேளுங்க.”

“இருபதுக்கா? உனக்கென்ன கிறுக்கா?”

“நின்னா சமம்தான். சமம்னா காசு அவங்களுக்கு. எதிர்லயே தெரியுது பாருங்க.”

“அட்டையில நீதான நிக்கச் சொல்லியிருக்க?”

“நான் சொல்லல.”

“உம் பேரு போட்டிருக்கு, ஸோரா.”

“பேரு மட்டும்தான்பா என்னுது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டீலர் லூவானாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எப்போதோ தெரியும். அப்பா மேசையை விரலால் தட்டிச் சீட்டுக் கேட்டார். நாலு வந்தது. செத்தது. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். “பொண்ணு பேச்சக் கேட்டா இப்படித்தான், மிலான்” என்றார் ஒருவர் அப்பாவிடம். கணக்கு சரி, சீட்டு வரவில்லை. அதை அந்தக் கூட்டத்துக்கு எந்த வாயால் விளக்குவது?

அப்போது எதிரில் ஒரு கிழவி, வாயோரம் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது, அட்டையை என் பக்கம் நீட்டினாள். “அந்த ஸோர்கா நீதானாம்மா? இதுல ஒரு கையெழுத்துப் போடு. அதிர்ஷ்டம் வரும்.”

அங்கேதான் என்னால் முடியாமல் போனது. எழுந்து நின்று கத்தினேன். அட்டை பொய், கிழித்துப் போடுங்கள் என்றேன். யாரும் கிழிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். ஆட்டம் கெடுகிறதாம். பிறகு நீ வந்தாய். “அக்கா, அசிங்கம் பண்ணாத” என்று என் காதில் சொன்னாய். நான்!

உன் விரல்களுக்கு எவ்வளவு பழக்கம், ராடே. வலிக்காமல், யாருக்கும் தெரியாமல், ஒரு ஆளை வாசல் வரை நடத்திக்கொண்டு போக எங்கே கற்றாய்?

அப்பா என்னோடு வர மறுத்துவிட்டார். “எனக்கு இங்க கொஞ்சம் வேல இருக்கு” என்றார். உடம்பு ஒருவாறு இருக்கிறது. பதில் எழுத வேண்டாம்.

ஸோர்கா


ரீனோ,
அக்டோபர் 25

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். அப்பா அங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரியும், ஸ்டேஷனில் ஏற்றிவிட்டவன் நான்தான். சுகமாக இருக்கிறாரா? அவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

நீ போன மறுநாளிலிருந்து அவர் மேசையில் உட்காரவில்லை. வாசலில் நின்றார். சாப்பாட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கி, சுரங்கத்தில் பாறையில் குறி போடுவாரே, அந்தத் தடித்த பென்சிலால் முதல் வரியை அடித்தார். “சமம்னா தோல்வி. நிக்காதீங்க. எம் பொண்ணு சொன்னது இது. அது எம் பையன் சொன்னது.” எல்லோருக்கும் இதேதான். முதல் வாரம் கேலி செய்தார்கள். இரண்டாம் வாரம் சிலர் நின்று கேட்டார்கள். காலை மேசைகளில் இரண்டை மூட வேண்டி வந்தது.

பர்டெட் என்னைக் கூப்பிட்டார். “உங்கப்பன நீ வெளிய அனுப்புறியா, இல்ல ரெண்டு பேரையும் நான் அனுப்பவா?”

ஒருவரை விடுதிக்குள் வராமல் தடை செய்வது என்றால் சாட்சி வைத்து உத்தரவை முகத்துக்கு நேராகப் படித்துக் காட்ட வேண்டும். படித்தேன். ‘மிலான் வுகோவிச் ஆகிய நீர் இனி இவ்வளாகத்தில் கால் வைத்தால் கைது செய்யப்படுவீர்.’ பாதியில் என்னை நிறுத்தினார்.

“சத்தமா படி. வெடி வெச்சு வெச்சு அந்தக் காது போச்சுன்னு உனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் வந்து படி.”

நல்ல காதுப் பக்கம் போய், முதலிலிருந்து படித்தேன். காவல்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடித்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “நல்லா திக்காம படிச்ச. பள்ளிக்கூடத்துல உனக்குப் படிப்பே வரலன்னு உங்கம்மா அழுவா. அவ இருந்து கேட்டிருக்கணும்.”

அக்கா, அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

புது அட்டையில் உன் பெயர் இல்லை. ‘பிரபல கணித நிபுணர்’ என்று மட்டும் போட்டிருக்கிறோம். வரிகள் அவையேதான். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வேலையை விடவில்லை, விட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மனமில்லை. இரண்டு முறை ராஜினாமா எழுதினேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

டிசம்பர் பத்தொன்பது நம் குடும்பத்துப் புனிதர் நிக்கலஸ் திருநாள். இதுவரை அப்பா இல்லாமல் கொண்டாடியதில்லை. நான் வரலாமா? அவரைக் கேட்டுச் சொல்.

ராடே


ஓமாஹா,
டிசம்பர் 2

ராடே,

அப்பா நலம். நன்றாகச் சாப்பிடுகிறார். பகலில் பனி தள்ளப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். உன் கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். மடித்துக் கொடுத்தார்.

நான்தான் சொன்னேன். “இன்னும் அங்கதான் இருக்கானாம்பா. அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு. அதே பொய்யக் குடுத்துக்கிட்டு. அந்தக் கை நம்ம மேசையில படணுமா?”

“படணும்னு நான் சொன்னனா?”

“வேண்டாம்னு எழுதவா?”

அதற்கு அவர் அடுப்பில் வேகும் கோதுமையைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார். “புனிதர் திருநாளுக்கு நாம யாரையும் கூப்பிடறதில்ல, ஸோரா. வந்தவங்களத் தொரத்துறதும் இல்ல. எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான். இவனுக்காக மாத்தணுமா என்ன?”

அதனால் அழைக்கவில்லை. கதவு பூட்டியிருக்காது, அவ்வளவுதான். வந்தால் கோட்டை ரீனோவிலேயே விட்டுவிட்டு வா. மெழுகுவர்த்தி அப்பா ஏற்றுவார். வழக்கம்போல் திருநாள் ரொட்டியின் மேல் மதுவை ஊற்றிச் சுற்றும்போது இரண்டு பேர் அதைப் பிடிக்க வேண்டும். நீயும் அவரும் பிடியுங்கள். உன் கை இருக்கிற ரொட்டியில் என் கை இருக்காது. நான் அடுக்களையில் இருப்பேன்.

சோறு பொதிந்த முட்டைக்கோஸ் சுருள் எல்லோருக்கும் போதும் அளவுக்குச் செய்வேன். அதில் உனக்கும் உண்டு. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

சாலையில் பனி அதிகம். பார்த்து ஓட்டு.

ஸோர்கா